கியோட்டோவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? நவம்பர் கடைசியில் தாயாரோடு செல்லும் பயணம்

கேள்வி: மாலைநடை

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பர் மாதக் கடைசியில் கணவரோடும் தாயாரோடும் ஜப்பானின் கியோட்டோ நகருக்குச் செல்லவிருக்கிறேன். ஒரு வாரத்திற்குச் சற்றுக் குறைவாக அங்கே தங்குவோம். தாயார் எழுபது வயதைக் கடந்தவர். சமதளத்தில் நிதானமாக நடப்பார். நீண்ட படிக்கட்டுகளில் ஏறுவதும் தரையில் அமர்ந்து எழுவதும் முழங்கால் வலியால் அவருக்கு இயலாதவை. ஆனால் கோயில் என்றால் அவருக்கு அலுப்பே வராது. நாங்கள் மூவரும் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள்.

எங்கே தேடினாலும் அதே பத்துப் பன்னிரண்டு இடங்களின் பெயர்கள்தாம் வருகின்றன. ஒவ்வோர் இடத்திலும் கூட்டம் அலைமோதும் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. அத்தனையையும் ஓடி ஓடிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு விருப்பமில்லை. குறைவாகப் பார்த்தாலும் பார்ப்பது என்ன என்று தெரிந்து பார்க்க வேண்டும் என்பதே ஆசை. அதோடு, தேநீர்ச் சடங்கு, கிமோனோ அணிதல், தியானம் என்று பயணிகளுக்காக நடத்தப்படும் நிகழ்ச்சிகளில் உண்மையானவை எவை, வெறும் காட்சிக்காக நடப்பவை எவை என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அந்த நகரை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கமோக்கரை

மாலைநடை அவர்களுக்கு வணக்கம். பணி நிமித்தமாகப் பல ஆண்டுகள் அந்த நகரில் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கியோட்டோ பழைய நகரம்தான். ஆனால் அங்கே நீங்கள் காணப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த நகரத்தின் வயதுடையவை அல்ல. பேரரசர் கம்மு 794ஆம் ஆண்டில் தலைநகரை இங்கே கொண்டுவந்தபோது, சீனத்தின் சாங்கான் நகரை முன்மாதிரியாகக் கொண்டு வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேர்கோட்டுத் தெருக்களை வகுத்தார்கள். அந்தத் தெரு அமைப்பு இன்றும் நகரின் நடுப்பகுதியில் பெருமளவு நிலைத்திருக்கிறது. கட்டடங்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் என்ற உள்நாட்டுப் போரில் நகரின் பெரும்பகுதி சாம்பலானது; அதற்கு முன்பும் பின்பும் பெருந்தீ விபத்துகள் பல. கியோமிசு கோயிலின் புகழ்பெற்ற மரமேடையோடு கூடிய தலைமை மண்டபம் 1633இல் மீண்டும் எழுப்பப்பட்டது. பேரரசர் அரண்மனையின் இன்றைய கட்டடங்கள் 1855ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பொன் மண்டபம் 1950இல் இளந்துறவி ஒருவரால் எரிக்கப்பட்டு 1955இல் மீண்டும் கட்டப்பட்டது. எரிவதும் அதே வடிவில் மீண்டும் கட்டுவதும், அதற்குரிய தச்சு, ஓடு, அரக்கு வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் வைத்திருப்பதும்தாம் இந்த நகரின் பழமை. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு வீசத் தேர்ந்தெடுத்த நகரங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருந்தது. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அதை நீக்கச் செய்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பயணத் திட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு நகரின் ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் மலைகள். முக்கியமான கோயில்கள் பெரும்பாலும் அந்த மலையடிவாரங்களில்தாம் இருக்கின்றன. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று திட்டமிடுபவர்கள் நாளின் பாதியைப் பேருந்தில் நின்றே கழிக்கிறார்கள். நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் 230 யென் செலுத்த வேண்டும். முன்பு பேருந்துக்கு மட்டும் விற்றுவந்த ஒருநாள் சீட்டை நிறுத்திவிட்டார்கள்; சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவான ஒருநாள் சீட்டு 1,100 யென்னுக்குக் கிடைக்கிறது. நவம்பர் இறுதியில் சிவந்த மேப்பிள் இலைகளைக் காண ஜப்பானே திரண்டு வரும் என்பதால், இயன்ற இடங்களில் எல்லாம் ரயிலில் சென்று, கடைசித் தொலைவுக்கு வாடகைக் கார் பிடியுங்கள். மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் செலவு மிகுதியாகத் தோன்றாது. தாயாரின் முழங்காலுக்கும் அதுவே நல்லது.

கிழக்குத் திசைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தோசாய் சுரங்க ரயிலில் கெஆகே நிலையத்தில் இறங்கி நான்சென்ஜி கோயிலுக்கு நடந்தால், வளாகத்துக்குள் செங்கல் வளைவுகளின் மேல் தண்ணீர் ஓடும் ஒரு நீர்ப்பாலத்தைக் காண்பீர்கள். ஜென் மடத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற வியப்பு எல்லோருக்கும் எழும். பேரரசர் 1869இல் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு கியோட்டோ வெறிச்சோடிவிடும் என்ற அச்சம் நகரத்தாரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மீள்வதற்காக மலைகளைக் குடைந்து பிவா ஏரியின் நீரைக் கொண்டுவரும் கால்வாயை வெட்டினார்கள். தனாபே சக்குரோ என்ற இளம் பொறியாளர் தலைமையில் 1890இல் அந்தப் பணி முடிந்தது. அடுத்த ஆண்டே அந்த நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் வண்டி இந்த நகரில்தான் ஓடியது. கோயில்களை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இந்தக் கதையைத் தவறவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

அங்கிருந்து சிறிது தொலைவில் ஏகான்தோ கோயில். மேப்பிள் மரங்களுக்குப் பெயர்பெற்றது என்பதால் கூட்டம் இருக்கும். இருந்தாலும் உள்ளே இருக்கும் அமிதாப புத்தரின் சிறிய மரச்சிலைக்காகவே போகலாம். 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தப் புத்தர் நேரே பார்க்காமல், தலையை இடத்தோள் பக்கம் திருப்பிப் பின்னால் நோக்கி நிற்கிறார். 1082ஆம் ஆண்டில் ஏகான் என்ற துறவி புத்தரை வலம்வந்து ஓதிக்கொண்டிருந்தபோது, சிலையே பீடத்தை விட்டிறங்கி அவருக்கு முன்னால் நடந்ததாம், துறவி திகைத்து நின்றுவிட, புத்தர் திரும்பிப் பார்த்து, "ஏகான், ஏன் தாமதிக்கிறாய்?" என்று கேட்டாராம். பின்தங்கியவருக்காக நின்று திரும்பிப் பார்க்கும் தெய்வத்தை உங்கள் தாயாருக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். அக்கோயிலின் நடைவழிகளில் ஆங்காங்கே படிகள் உண்டு, அவசரப்படாமல் செல்லுங்கள்.

அதன்பின் கால்வாய்க் கரையோரமாகச் செல்லும் தத்துவவாதியின் பாதை, ஏறத்தாழ 2 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். தத்துவப் பேராசிரியர் நிஷிதா கித்தாரோ சிந்தனையோடு நடந்த வழி அது. வடமுனையில் வெள்ளி மண்டபம் இருக்கிறது. அதில் வெள்ளி கிடையாது. ஓனின் போரில் நகரம் எரிந்துகொண்டிருந்த காலத்தில் ஆட்சியை விடக் கலைகளிலேயே மனத்தைச் செலுத்திய ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமாசா, போருக்குப் பின் 1482இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. அவருடைய அரசியலைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் தேநீர், மலர் அமைப்பு, மணற்றோட்டம் என்று ஜப்பானிய அழகியல் என இன்று நாம் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி அவருடைய அவையைச் சுற்றித்தான் திரண்டது.

பொன் மண்டபத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. குளத்துக்கு அக்கரையில் நின்று படம் எடுத்துவிட்டு, கூட்டம் தள்ளுகிற திசையில் வெளியேறுவதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாகத் தைத்தோக்குஜி என்ற பெரிய ஜென் வளாகத்திற்குச் செல்லுங்கள். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிறு மடங்கள் உள்ளன. சிலவே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். தைசென்-இன் மடத்தில் கல்லையும் மணலையும் மட்டுமே கொண்டு மலையையும் அருவியையும் ஆற்றையும் அமைத்திருக்கிறார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். நவம்பர் இறுதியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பெரும்பாலான கோயில்கள் நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில் அடைத்துவிடும். காலை எட்டரைக்குள் முதற்கோயிலின் வாசலில் இருப்பவர்களுக்கே அந்த நாள் சொந்தம்.

மறுமொழி: சிற்பநேயன்

கமோக்கரை அவர்கள் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கோயில் என்றால் அலுக்காத ஒரு தாயாரை அழைத்துச் செல்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியவை வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று தோஜி. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. கின்தெத்சு ரயிலில் ஒரே நிறுத்தம். தலைநகர் அமைந்ததையடுத்து, 796ஆம் ஆண்டில் தோன்றிய கோயில் இது. 823இல் பேரரசர் இதைத் துறவி கூக்காயிடம் ஒப்படைத்தார். சீனம் சென்று மந்திர வழிப் பௌத்தத்தைக் கற்றுவந்தவர் அவர். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள இதன் ஐந்தடுக்குக் கோபுரம் ஜப்பானின் மரக்கோபுரங்களிலேயே உயரமானது. பலமுறை எரிந்து, இப்போதிருப்பது 1644இல் கட்டப்பட்டது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நீங்கள் நேராக விரிவுரை மண்டபத்துக்குச் செல்லுங்கள்.

புத்தர்களையும் தெய்வங்களையும் முறைப்படி வரிசைப்படுத்திக் காட்டும் மண்டலம் என்பதைத் துணியில் வரைந்த ஓவியமாகத்தான் நாம் அறிவோம். கூக்காய் அதை 21 சிலைகளாக, மனிதர் முன் எழுந்து நிற்கும் உருவங்களாக அமைக்கத் திட்டமிட்டார். அவர் மறைந்த பின் 839இல் அவை நிறுவப்பட்டன. அவற்றுள் 15 சிலைகள் அன்று செய்தவையே. 1486இல் மண்டபம் எரிந்தபோதும் அவை தப்பித்தன. மேடையின் ஒரு முனையில் நான்கு அன்னங்கள் தாங்கும் பீடத்தில் நான்முகன் அமர்ந்திருக்கிறார். மறுமுனையில் யானைமேல் ஒரு காலைத் தொங்கவிட்டபடி இந்திரன். இந்த இந்திரனின் முகம் போல அமைதியும் ஆண்மையும் ஒருங்கே கூடிய முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆறு முகமும் ஆறு கையும் ஆறு காலும் கொண்டு எருமைமேல் அமர்ந்திருக்கும் ஓர் உருவத்தைக் கண்டதும் உங்கள் தாயாருக்கு யமன் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. அவர் யமனையே வென்றவராகக் கருதப்படும் யமாந்தகர். இங்கே முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுண்டு. வெகுண்ட கோலத்தில் நிற்கும், வித்யாராஜர்கள் எனப்படும் காவல் தெய்வங்களுள் ஒருவரின் காலடியில் கிடக்கும் இருவர் மகேசுவரனும் உமையும். பழைய தெய்வங்களைப் புதிய சமயம் தன்னுள் அடக்கிக்கொண்டதைக் காட்டும் சிற்ப மரபு அது. தெரியாமல் பார்த்தால் பெரியவர்கள் மனம் வருந்தக்கூடும்.

மற்றொன்று சான்ஜூசான்கென்தோ. கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால் ஏறத்தாழ 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மண்டபம். தைரா நோ கியோமோரி என்ற போர்த்தலைவர் 1164இல் கட்டிக்கொடுத்தது 1249இல் தீக்கிரையாயிற்று. இன்றைய மண்டபம் 1266இல் முடிந்தது. கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் 1,001 சிலைகள் அங்கே உள்ளன. நடுவில் அமர்ந்திருக்கும் பெரிய சிலை தான்கெய் என்ற சிற்பி முதுமையில் செதுக்கியது. இருபுறமும் ஆயிரம் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் 124 சிலைகளை அன்றைய தீயிலிருந்து சுமந்து வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள் என்பதைச் சிலைகளின் முன் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள். ஆயிரம் கை என்று பெயரே தவிர, பக்கக் கைகள் நாற்பதுதாம். ஒவ்வொன்றும் 25 உலகங்களைக் காக்கும் என்பது கணக்கு.

ஆனால் பெரும்பாலானோர் அந்த ஆயிரத்தில் மயங்கி, முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்களைக் கவனிக்காமல் நடந்துவிடுகிறார்கள். அவர்களுள் பிரமன், இந்திரன், நாகராசன், அசுரன், கின்னரன் எல்லோரும் இருக்கிறார்கள். இறக்கை விரித்த கருடன் புல்லாங்குழல் ஊதுகிறார். எலும்பும் தோலுமாகக் கோலூன்றி நிற்கும் வசு முனிவர் என்ற கிழவரின் உருவத்தில், சிற்பி நரம்புகளைக்கூட விடவில்லை. இரு கோடிகளிலும் காற்றுத் தேவனும் இடித் தேவனும் மேகத்தின்மேல் பாய்கிறார்கள். இரண்டு கோயில்களிலும் மண்டபத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. அதை நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், தோஜிக்கு 21ஆம் தேதி செல்லுங்கள். கூக்காயின் நினைவுநாளையொட்டி மாதந்தோறும் அன்று வளாகம் முழுவதும் சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், கைக்கருவிகள் எல்லாம் கிடைக்கும். அமைதியாகச் சிலைகளைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி: பச்சையிலை

உணவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கியோட்டோவில் காய்கறிக்கும் சோயா உணவுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் சாற்றில் இருக்கிறது. சூப்பு, நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி, தொட்டுக்கொள்ளும் குழம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஊற்றப்படும் தாஷி என்ற சாறு பெரும்பாலும் காத்சுவோ என்ற மீனை உலர்த்திச் சீவிய துருவலில் எடுக்கப்படுவது. தட்டில் மீன் துண்டு தெரியாது. கடைக்காரரும் அதை அசைவமாகக் கருதமாட்டார். எனவே இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், "காத்சுவோ தாஷி" வேண்டாம் என்றும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட ஒரு சீட்டைக் கையில் வைத்திருந்து நீட்டுவது இன்னும் நல்லது. கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தாஷி என்றால் தயங்காமல் உண்ணலாம்.

முழு நிம்மதியோடு உண்ண வேண்டுமானால் மடங்களின் உணவான ஷோஜின் ரியோரியை நாடுங்கள். இறைச்சியும் மீனும் மட்டுமல்லாமல் பூண்டும் வெங்காயமும்கூட அதில் சேர்ப்பதில்லை. மேற்கில் அராஷியாமா பகுதிக்குச் செல்லும் நாளில் தென்ரியூஜி கோயிலின் வளாகத்துக்குள்ளேயே ஷிகெத்சு என்ற உணவகம் இருக்கிறது. அங்கே உண்டுவிட்டு, துறவி முசோ சோசெகி 14ஆம் நூற்றாண்டில் அமைத்த குளத்தோட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதால், நாற்காலி கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்சென்ஜி வட்டாரத்தில் வெந்நீரில் இட்ட தோஃபு பெயர்பெற்றது. நவம்பர்க் குளிருக்கு அதைவிட ஏற்ற உணவு வேறில்லை. தொட்டுக்கொள்ளும் சாறை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். சோயாப்பாலின் மேல் படியும் ஏட்டை எடுத்துச் செய்யும் யூபாவும் இந்நகரின் சிறப்பு. தைத்தோக்குஜிக்குச் சென்றால் அருகிலுள்ள இமாமியா கோயிலின் கிழக்கு வாசலுக்கு நடந்துவிடுங்கள். அரிசி மாவுருண்டையை மூங்கில் குச்சியில் செருகிக் கரியில் வாட்டி, வெள்ளை மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கலந்த இனிப்புச் சாற்றில் தோய்த்துத் தரும் இரண்டு கடைகள் எதிரெதிரே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஆயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. எது மேல் என்ற வழக்கில் நான் தலையிட விரும்பவில்லை. நிஷிகி சந்தையில் வாங்கியதை அந்தக் கடையருகிலேயே நின்று உண்டுவிட வேண்டும். நடந்துகொண்டே உண்பதை அங்கே விரும்புவதில்லை.

மறுமொழி: கல்விளக்கு

உண்மையானது எது, காட்சிக்கானது எது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாக விடை சொல்லவில்லை. அந்தப் பிரிவினையையே சற்றுத் தள்ளிவைக்கலாம் என்பது என் எண்ணம்.

தாயாரின் முழங்காலைப் பற்றிச் சொன்னீர்கள். தேநீர்ச் சடங்கை நாற்காலியில் அமர்ந்து, மேசையில் செய்யும் முறை ஒன்று உண்டு, ரியூரெய் என்பார்கள். இது இன்றைய பயண நிறுவனங்கள் கண்டுபிடித்த சலுகை அன்று. தேநீர்ச் சடங்கின் பேராசானான சென் நோ ரிக்கியூவின் வழிவந்த மூன்று குடும்பங்களுள் ஒன்றான உராசென்கேயின் பதினோராம் தலைவர் கென்கென்சாய், 1872இல் நடந்த கியோட்டோ கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டினருக்காக வகுத்த முறை. கெய்க்கோ என்ற கெய்ஷா கலைஞர்களும், அவர்களிடம் பயிலும் இளையவர்களான மைக்கோக்களும் ஏப்ரல் மாதம் ஆடும் மியாக்கோ ஒதோரி என்ற நடன நிகழ்ச்சியும் அதே கண்காட்சிக்காகத் தொடங்கியதுதான். தலைநகர்ப் பட்டத்தை இழந்த நகரம் விருந்தினரை வரவழைக்கச் செய்த ஏற்பாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளில் மரபாகிவிட்டன. ஆகவே வெளிநாட்டினருக்காக நடப்பது என்ற ஒரே காரணத்தால் எதையும் ஒதுக்க வேண்டாம். நடத்துபவர் முறையாகப் பயின்றவரா, ஒரே அமர்வில் எத்தனை பேரை அமர்த்துகிறார், விளக்கத்துக்கு நேரம் ஒதுக்குகிறாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முப்பது பேரை வரிசையாக உட்காரவைத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடும் இடத்தில், அவர் எந்தப் பரம்பரையினர் ஆனாலும், மிஞ்சுவது ஒரு கோப்பைத் தேநீர்தான்.

செல்லும்போது கைக்கடிகாரத்தையும் மோதிரங்களையும் கழற்றிவையுங்கள். கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. காலில் தூய காலுறை வேண்டும். இனிப்பு முதலில் வரும். அதை உண்டு முடித்த பிறகே தேநீர். கிண்ணத்தின் அழகிய முன்பக்கத்தை உங்களை நோக்கி வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் வாய் வைக்காதபடி கிண்ணத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு அருந்த வேண்டும். அருந்திய பின் கிண்ணத்தைக் கையிலெடுத்துப் பார்ப்பதும், அதைப் பற்றிக் கேட்பதும் சடங்கின் ஒரு பகுதியே.

கிமோனோ வாடகைக்குக் கிடைக்கும், அணிவித்தும் விடுவார்கள். இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும். மாற்றி அணிவது இறந்தவர்களுக்கு உரியது. தியானம் வேண்டுமென்றால், 1202இல் நிறுவப்பட்ட கென்னின்ஜி உட்படச் சில ஜென் கோயில்களில் பொதுமக்களுக்கான அமர்வுகள் நடக்கின்றன. உங்கள் தாயாருக்கு அது ஒத்துவராது, கணவரோடு நீங்கள் செல்லலாம்.

இந்தக் கலைஞர்கள் பணியாற்றும் கியோன் பகுதியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் வேலைக்கு விரையும் மைக்கோக்களையும் கெய்க்கோக்களையும் துரத்திப் படம் எடுத்துத் தொல்லை கொடுத்ததன் விளைவாக, அங்குள்ள தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் என்ற அறிவிப்பை 2019இல் வைத்தார்கள். 2024 முதல் சில சந்துகளுக்குள் பயணிகள் நுழைவதையே தடுத்திருக்கிறார்கள். பெருந்தெருவில் நடக்கத் தடையில்லை. அவர்களின் நடனத்தைக் காண விரும்பினால் அரங்கில் சீட்டு வாங்கிப் பார்ப்பதே முறை. கியோன் கார்னர் அரங்கில் நடனம், கியோகென் நகைச்சுவை நாடகம், கோத்தோ இசை போன்றவற்றைச் சுருக்கமாகக் காட்டுகிறார்கள். நாற்காலியில் அமர்ந்து பார்க்கலாம்.

பொன் மண்டபத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று கமோக்கரை ஐயா எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1397இல் அஷிகாகா யோஷிமிட்சு அதைத் தமக்கு மாளிகையாகக் கட்டத் தொடங்கினார். மூன்று தளங்களையும் உற்றுப் பாருங்கள். கீழ்த்தளம் அரசவைப் பிரபுக்களின் மாளிகைப் பாணி. இரண்டாவது போர்வீரர் இல்லப் பாணி. மூன்றாவது சீன ஜென் மண்டபத்தின் பாணி. பொற்றகடு மேலிரு தளங்களுக்கு மட்டுமே. பிரபுக்களின் பாணியில் அமைந்த கீழ்த்தளம் வெறும் மரமாக நிற்கிறது. பேரரசரின் அவையை மிஞ்சி வளர்ந்த ஒரு போர்த்தலைவர் அப்படிக் கட்டியதில் உட்பொருள் இருந்ததா என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு சுவை. வழி பெரும்பாலும் சரளை பரவியது. நடுவில் சில படிகள் உண்டு. காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே சென்றுவிடுங்கள்.

மாலைநடை

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தோஜியும் சான்ஜூசான்கென்தோவும் முதல் நாளுக்கென்று உறுதி செய்துவிட்டேன். யமாந்தகரைப் பற்றியும் காலடியில் கிடப்பவர்களைப் பற்றியும் தாயாரிடம் சொன்னதற்கு, "பார்த்துவிட்டு நான் சொல்கிறேன்" என்றார். இன்னும் இரண்டு ஐயங்கள்: ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்பு வாயில்களை மலையேறாமல் பார்க்க முடியுமா? நாரா நகருக்கு ஒரு நாளை ஒதுக்குவது தகுமா?

கமோக்கரை

கல்விளக்கு அவர்களுக்கு: பொன் மண்டபம் பற்றிய உங்கள் வாதம் வலுவானது, கூட்டத்தைப் பற்றிய என் வாதமும் அப்படியே நிற்கிறது.

மாலைநடை அவர்களுக்கு: முடியும். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் செல்லும் ஜேஆர் ரயிலில் இனாரி நிலையத்தில் இறங்கினால் கோயில் வாயில் எதிரிலேயே இருக்கிறது. கட்டணமில்லை; இரவும் பகலும் திறந்திருக்கும். மலை உச்சி 233 மீட்டர்தான் என்றாலும் படிகள் ஏராளம். வாயில்கள் நெருக்கமாக நிற்கும் பகுதி அடிவாரத்துக்கு அருகிலேயே தொடங்கிவிடுகிறது. சில படிகளைக் கைபிடித்து ஏறினால் அதுவரை செல்லலாம். உள்ளே போகும்போது வெறும் சிவப்புத் தூண்களாகத் தெரிபவை, திரும்பி வரும்போது கறுப்பு எழுத்துகளோடு நிற்கும். வணிகத்தில் வளம் வேண்டியும் வேண்டுதல் நிறைவேறியதற்காகவும் காணிக்கை செலுத்திய நிறுவனங்களின் பெயர்களும் தேதியும் அவை. தாயார் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்க, நீங்கள் இருவரும் யோத்சுத்சுஜி என்ற சந்திவரை ஏறினால் நகரின் தென்பகுதியைக் காணலாம். போய் வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு முன்பே சென்றுவிட்டால் கூட்டமே இராது.

நாராவுக்கு ஒரு நாள் கட்டாயம் தகும். கின்தெத்சு ரயிலில் முக்கால் மணி நேரத்தில் சென்றுவிடலாம். அங்குள்ள தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தருக்கு 752இல் கண்திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகையைப் பிடித்துக் கண் வரைந்தவர் இந்தியாவிலிருந்து 736இல் வந்து சேர்ந்த போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தோர் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கெடுத்தார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் உள்ளன. கருவூலப் பொருள்களின் ஆண்டுக் காட்சி நவம்பர் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும் என்பதால் நீங்கள் செல்லும்போது காண இயலாது. இப்போதிருக்கும் மண்டபம் 1709இல் முடிந்தது. முதலில் இருந்ததைவிட அகலத்தில் சிறியது என்றாலும், உள்ளே நுழைந்ததும் அப்படித் தோன்றாது.

நாரா நிலையத்திலிருந்து தோதாய்ஜிவரை பூங்கா வழியாக இருபது நிமிட நடை. தாயாருக்கு அது மிகுதி என்றால் பேருந்து உண்டு. வழியெல்லாம் மான்கள் திரியும். அவற்றுக்கென்று விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால் மேலாடையைக் கடித்து இழுக்கும் என்பதால், தாயாரிடம் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.